வலிக்காத தலைக்கட்டிக்கு எருக்கம்பால் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது ஆகிறது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் தலை வாரும்போது உச்சிக்குச் சற்றுப் பின்னால் கடலைப்பருப்பு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இப்போது அது அரைநெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. வலியோ அரிப்போ இல்லை; விரலால் தள்ளினால் நகர்கிறது; சீப்பு மட்டும் இடறுகிறது. என் தாயாருக்கும் தலையில் இதே மாதிரி இரண்டு மூன்று கட்டிகள் இருந்தன. அவர் கடைசிவரை எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லை. சிறு வயதில் செங்கல் சூளையில் சும்மாடு வைத்துச் சுமை தூக்கியிருக்கிறேன், அதனால் வந்திருக்குமா? புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தில் தூக்கம் வருவதில்லை. எருக்கம்பால் வைத்தால் உதிர்ந்துவிடும் என்று மதினி சொல்கிறார். தலையில் கத்தி வைத்தால் மூளைக்கு ஆபத்து என்று கணவர் தடுக்கிறார். என் தம்பி மகனுக்கு ஆறு வயது. அவனுக்கும் காதுக்குப் பின்னால் இரண்டு சிறு கட்டிகள் தட்டுப்படுகின்றன. எனக்கு இருப்பதுதான் அவனுக்கும் வந்திருக்கிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், உங்கள் தலையில் இருப்பது மயிர்க்காலின் உறையிலிருந்து உருவாகும் சாதாரணப் பைக்கட்டியாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. மெல்ல வளர்ந்திருப்பது, வலி இல்லாதிருப்பது, விரலுக்கு நகர்ந்து கொடுப்பது, தாயாருக்கும் இருந்தது ஆகிய எல்லாமே அதற்குப் பொருந்தி வருகின்றன. ஆயினும் கட்டி என்பது தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். கடிதத்தைப் படித்துவிட்டுச் சொல்லும் கருத்து அதற்கு ஈடாகாது. எனவே இந்த மாதத்துக்குள் ஒரு நாள் அறுவை மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். இன்றிரவே கிளம்ப வேண்டிய அவசரம் இதில் இல்லை. இன்னும் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடவும் கூடாது.

தலைக்கட்டியோடு ஒருவர் வந்து உட்கார்ந்ததும், அது தலையின் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைத்தான் மருத்துவர் முதலில் அறிய முயல்வார். மண்டையோட்டுக்கு மேலே ஐந்து அடுக்குகள் உள்ளன. மேலே முடி முளைக்கும் தடித்த தோல். அதன் கீழே இரத்தக் குழாய்கள் மலிந்த, கொழுப்பும் நாரும் கலந்த திசு. அதற்கும் கீழே நெற்றியிலிருந்து பிடரிவரை விரிந்து கிடக்கும் வலுவான நார்த்தகடு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால், நீங்கள் உச்சியில் விரல்களை வைத்து முன்னும் பின்னும் அசைத்தால் மூன்றும் ஒரே துணியாகச் சேர்ந்து நகரும். நான்காவது, அவை அப்படி நகர இடம் கொடுக்கும் தளர்வான மெல்லிய திசு. ஐந்தாவது, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு. தோலோடு சேர்ந்து நகரும் கட்டி மேலடுக்கைச் சேர்ந்தது. தலைத்தோல் தன்மேல் வழுக்கிச் செல்ல விட்டுத் தான் அசையாமல் இருக்கும் கட்டி ஆழத்தில் உள்ளது. எவ்வளவு தள்ளினாலும் இம்மியும் அசையாமல் கல்லாக நிற்பது எலும்பிலிருந்தே எழுந்ததாகவோ எலும்போடு ஒட்டிக்கொண்டதாகவோ இருக்கலாம். இந்தச் சோதனைக்கு இரண்டு விரல்களும் ஒரு நிமிடமும் போதும். எடுத்தவுடன் ஸ்கேன் எழுதித் தர வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை என்பதே என் கருத்து.

உங்களுடையது மேலடுக்குக் கட்டி என்று வைத்துக்கொண்டு அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மயிர்க்காலைச் சுற்றியுள்ள உறையின் செல்கள் தோலுக்குள்ளே ஒரு சிறு பையாகச் சுருண்டு, முடியும் நகமும் எதனால் ஆனவையோ அதே கெரட்டின் என்னும் புரதத்தை அந்தப் பைக்குள் உதிர்த்துக்கொண்டே இருக்கும். உதிர்ந்தது வெளியேற வழி இல்லாததால் பை ஆண்டுக்கணக்கில் மெதுவாகப் பருத்து, உருண்டையாக, வழவழப்பாக, சற்றுக் கெட்டியாகத் தட்டுப்படும். இத்தகைய கட்டிகள் பத்தில் ஒன்பது தலையில்தான் வருகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நடுவயதிலும் மிகுதி. ஒருவருக்கே பல கட்டிகள் இருப்பதும் வழக்கமே. குடும்பவழியாக வரும்போது, கட்டியுள்ள தாய் அல்லது தந்தையிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தாயாருக்கு இரண்டு மூன்று கட்டிகள் இருந்தன என்று நீங்கள் எழுதியது, அதனால், கடிதத்திலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட வரி. மருத்துவரிடம் செல்லும்போது அவர் கேட்காவிட்டாலும் அதை நீங்களே சொல்லுங்கள்.

இதைப் பலரும் கொழுப்புக்கட்டி என்றே சொல்கிறார்கள். உள்ளே கொழுப்பு இருப்பதாகவும், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதால் சேர்ந்ததாகவும் நினைத்துப் பத்தியம் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் இதைத் தருவதில்லை. சீயக்காயும் ஷாம்புவும் இதைக் கரைப்பதுமில்லை. உண்மையான கொழுப்புக்கட்டி வேறு. அது மெத்தென்று இருக்கும், அழுத்தினால் ஓரம் விரலுக்கு அகப்படாமல் நழுவும். தலையில் அது வருமிடம் பெரும்பாலும் நெற்றி. அங்கே தசைக்கு அடியில் ஒளிந்திருப்பதால் எலும்புக்கட்டியோ என்று மருத்துவரையே ஐயுற வைக்கும். இன்னொரு வகைப் பைக்கட்டியின் நடுவே கரும்புள்ளி போல ஒரு நுண்துளை தெரியும். பிதுக்கினால் அதன் வழியே நாற்றமுள்ள வெண்ணிறப் பொருள் வரும். முகத்திலும் முதுகிலும் காதோரத்திலும் அது மிகுதியாக வருகிறது.

சும்மாடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆண்டுக்கணக்கில் தலையில் சுமை தூக்குவோருக்கு உச்சியில் முடி குறைவதும் தோல் தடித்துப்போவதும் உண்டு. தோல் கிழியும்படி அடிபட்டால், மேல்தோலின் ஒரு துணுக்கு உள்ளே புதைந்து பிற்பாடு பைக்கட்டியாக மாறுவதும் எப்போதாவது நடக்கும். ஆனால் சிறு வயதில் தூக்கிய சுமை இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கட்டியாகக் கிளம்புவதில்லை. தலையில் அடிபட்டவுடன் புடைப்பது வேறு கதை. எலும்பு நேரடியாக அடியில் இருப்பதால் கசிந்த இரத்தம் உள்ளே பரவ இடமில்லாமல் மேல்நோக்கிப் பம்மி நிற்கிறது. அது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானே வற்றிவிடும். அந்த நேரத்தில் புடைப்பின் அளவைப் பார்த்துப் பயப்படுவதைவிட, அடிபட்டவர் வாந்தி எடுக்கிறாரா, மயங்குகிறாரா, பேச்சு குழறுகிறதா, தலைவலி கூடிக்கொண்டே போகிறதா என்று கவனிப்பதே முக்கியம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எருக்கம்பாலைத் தயவுசெய்து வைக்காதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும் தன்மையுள்ளது. தலையில் வைத்தது வியர்வையோடு வழிந்து கண்ணில் பட்டால் கருவிழியும் பாதிக்கப்படும். பாலின் எரிச்சலில் மேல்தோல் அரிபட்டுப் பை உடைந்தால், உள்ளிருக்கும் கெரட்டின் சுற்றுத் திசுவில் கொட்டி, கட்டி சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கும். சில சமயம் உடைந்த பையின் உள்சுவர் புண்ணாகி, புடைத்து வெளியே தள்ளி, பார்ப்பதற்கு அப்படியே புற்றுப்புண் போல ஆகிவிடும். லண்டனில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறுவை மருத்துவர் எட்வர்ட் காக் என்பவரின் பெயரால் ‘காக்கின் விசித்திரக் கட்டி’ என்றே பாடநூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. இல்லாத புற்றுநோய்க்காக அஞ்சுகிற நீங்கள், அதன் தோற்றத்தை நீங்களே வரவழைத்துக்கொள்ள வேண்டாம். சுண்ணாம்பும் கருப்பட்டியும் குழைத்துப் பத்துப் போடுவதும் உறைக்குள் அடைபட்ட இந்தக் கட்டியைக் கரைக்காது. சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும், அவ்வளவுதான்.

பிதுக்குவதையும் ஊசியால் குத்துவதையும் நான் இன்னும் கடுமையாக எச்சரிப்பேன். நான்காவது அடுக்கின் வழியாகச் செல்லும் சிறு சிரைகள் மண்டையோட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளேயுள்ள பெரிய சிரைகளோடு இணைகின்றன. அவற்றுக்குள் வால்வு கிடையாது. தலைத்தோலில் பிடித்த கிருமி அந்த வழியே உள்ளே செல்வது அரிது. ஆனால் நடந்தால் உயிருக்கே ஆபத்து. நம் பக்கத்தில் சித்திரை, வைகாசி வெயிலில் பிள்ளைகளுக்குத் தலையெல்லாம் கிளம்பும் வேனல் கட்டிகளுக்கும் இது பொருந்தும். பெரியவர்களுக்குப் பிடரியில் பல கண்களோடு, தாங்க முடியாத வலியோடு வரும் ராஜபிளவை என்றால், கட்டியைப் பார்ப்பதற்கு முன்பே சர்க்கரையைப் பார்க்க வேண்டும். தமக்கு நீரிழிவு இருப்பதையே அந்தக் கட்டி வந்த பிறகுதான் அறிந்தவர்கள் பலர்.

இனி உங்கள் தம்பி மகன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குக் கட்டி என்றதும் இரண்டையும் ஒன்றாக நினைப்பது இயல்பு; ஆனால் ஆறு வயதுப் பையனுக்குக் காதின் பின்னே பட்டாணி அளவில் நகரும்படி தட்டுப்படுவது பெரும்பாலும் நெறிகட்டியிருப்பதுதான். தலைத்தோலில் எங்கே புண், பேன்கடி, பொடுகு, சிரங்கு இருந்தாலும் அந்தப் பகுதியின் கிருமிகளை எதிர்க்கும் நிணநீர்க் கணுக்கள் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பருத்துக்கொள்ளும். எனவே கணுவைத் தடவிக்கொண்டிருக்காமல் அவன் தலைமுடியைப் பகுத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பேனோ ஈரோ இருந்தால் அவனுக்கு மட்டுமல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். முடி திட்டுத்திட்டாக உதிர்ந்து, அந்த இடம் சொதசொதவென்று வீங்கிச் சீழ் வடிந்தால், அது தலையில் வரும் படர்தாமரையின் கடுமையான வடிவமாக இருக்கக்கூடும். பார்ப்பதற்குச் சீழ்க்கட்டி போலவே தெரிவதால் அதைக் கீறிவிடத் தோன்றும், கீறக் கூடாது. அதற்குத் தேவை சில வாரங்கள் உள்ளுக்குச் சாப்பிடும் பூஞ்சைக்கொல்லி மாத்திரை. மேலே களிம்பு பூசுவது மட்டும் போதாது. காரணத்தைச் சரிசெய்த பிறகு கணுக்கள் நான்கு முதல் ஆறு வாரங்களில் சுருங்கத் தொடங்கும். சுருங்காமல் பெருத்துக்கொண்டே போனாலோ, கல் போல இறுகினாலோ, கழுத்திலும் வரிசையாகக் கட்டினாலோ, மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காசநோய் உட்பட மற்றக் காரணங்களைத் தேட வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதால், நீங்கள் கேட்காத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். புருவத்தின் வெளிமுனையிலோ தலையின் நடுக்கோட்டிலோ பிறந்ததிலிருந்து இருக்கும் கட்டி, கரு உருவாகும்போதே தோல் உள்ளே மடிந்து உண்டான பைக்கட்டியாக இருக்கலாம். நடுக்கோட்டில் இருப்பது சில வேளை எலும்பைத் துளைத்து உள்ளேயும் நீண்டிருக்கும் என்பதால், ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அதில் கத்தி வைப்பதில்லை. மற்றொன்று, பிறந்த குழந்தைக்கு ஓரிரு நாளில் தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் எழும்பும் இரத்தக்கட்டு. எலும்புக்கும் அதன் சவ்வுக்கும் இடையே இரத்தம் தேங்குவதால் அது அந்த ஓர் எலும்பின் எல்லையைத் தாண்டாது. சில வாரங்கள் முதல் ஓரிரு மாதங்களில் தானே கரையும். அந்த நாட்களில் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கூடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிப்பாட்டும் ஆச்சிமார்கள் தலையை உருட்டி அழகுபடுத்துகிறேன் என்று அதை அழுத்தித் தேய்ப்பதை வீட்டிலுள்ளவர்கள் அன்போடு, ஆனால் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஊசி போட்டு உறிஞ்சி எடுக்கவும் கூடாது.

பெரியவர்களிடம் எலும்பாகத் தட்டுப்படுபவற்றில் ஒரு பகுதி நோயே அல்ல. பிடரிக்குச் சற்று மேலே நடுவில் எல்லோருக்கும் ஒரு மேடு உண்டு. ஆண்கள் சிலருக்கு அது நன்றாகவே துருத்திக்கொண்டிருக்கும். திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டு வந்தபின் முதன்முறையாக அதைத் தடவிப் பார்த்துப் பதறி வருகிறவர்களுக்கு, அவர்களுடைய கையை எடுத்து என் பிடரியில் வைத்துக் காட்டுவதே நான் செய்யும் வைத்தியம். நெற்றியிலோ மண்டையிலோ எலும்பே தந்தம் போல இறுகி ஒரு மேடாக வளர்வதும் உண்டு. அது மிக மெதுவாக வளரும், புற்றாக மாறுவதில்லை, உருவம் உறுத்தினால் மட்டும் செதுக்கி எடுக்கலாம்.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு வருகிறேன். தலையில் வரும் கட்டி புற்றுநோயாக இருக்கவே முடியாது என்று நான் எழுத மாட்டேன். தோலில் தோன்றும் புற்று தலையிலும் தோன்றும். அது பெரும்பாலும் ஆறாத புண்ணாக, பொருக்குத் தட்டிப் பின் இரத்தம் கசிவதாக, அல்லது நிறமும் ஓரமும் மாறிக்கொண்டே வரும் மச்சமாகத் தொடங்கும். தைராய்டு, மார்பகம், சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றில் தோன்றிய புற்று மண்டையோட்டுக்குப் பரவி அங்கே கட்டியாகவும் எழலாம். கழுத்தில் கழலையும், மண்டையில் எலும்போடு ஒட்டி, நாடி போலத் துடிக்கும் கட்டியும் ஒருவருக்குச் சேர்ந்திருந்தால் நாங்கள் முதலில் எண்ணுவது தைராய்டைத்தான். வாரக்கணக்கில் வேகமாகப் பெருப்பது, எலும்போடு ஒட்டி அசையாதிருப்பது, மேல்தோல் புண்ணாவது, விரலின் கீழ் துடிப்பது, குனிந்தால் பெருத்து நிமிர்ந்தால் சுருங்குவது, இரவில் எலும்பு வலிப்பது, காரணமின்றி உடல் மெலிவது, முன்பு வேறு உறுப்பில் புற்றுநோய்க்கு மருத்துவம் செய்திருப்பது ஆகியவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அறுபது வயதைக் கடந்த பெண்களுக்கு, பல ஆண்டுகளாக இருந்த இதே பைக்கட்டி திடீரென்று வேகமாக வளரத் தொடங்கினால் அதை எடுத்துச் சோதிக்க வேண்டும். அப்படி மாறுவது மிக அரிது. சளியும் சைனஸும் நீண்ட நாள் இருந்தவருக்குக் காய்ச்சலோடு நெற்றி பொதபொதவென்று வீங்கினால் அது புற்று அல்ல. ஆனால் எலும்புக்குள் சீழ் இறங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியது.

உங்கள் கணவரின் அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நகரும் பைக்கட்டி முழுவதும் எலும்புக்கு வெளியே, தோலுக்குள் இருக்கிறது. அதற்கும் மூளைக்கும் நடுவே, மீதி அடுக்குகள் போக, முழு மண்டையோடே இருக்கிறது. அறுவையில் யாரும் எலும்பைத் தொடுவதுகூட இல்லை. அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக லிக்னோகைன் ஊசி போட்டு, சிறிதளவு முடியை மழித்து, தோலைக் கீறி, நுங்கைக் கண் உடையாமல் நோண்டி எடுப்பதைப் போலப் பையை முழுதாக எடுத்துவிடுவார்கள். பை சிதைந்து ஒரு துண்டு உள்ளே தங்கினால் கட்டி மறுபடியும் வரும் என்பதால்தான் அவ்வளவு கவனம். தலைத்தோலின் இரத்தக் குழாய்கள் நார்த் திசுவில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அறுபட்டாலும் எளிதில் சுருங்காது. எனவே இரத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வரும், தையலும் அழுத்தமும் அதை நிறுத்திவிடும். அரை மணி நேரத்தில் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். 7 முதல் 10 நாட்களில் தையல் பிரிப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உண்டா, முன்பு ஊசி போட்டு ஒவ்வாமை வந்ததுண்டா என்பவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எடுத்தே ஆக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. சீப்பு இடறாமல், வளராமல், வலிக்காமல் இருந்தால் விட்டுவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவைப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தாயார் வைத்தியம் செய்யாமலே வாழ்ந்தது ஒரு வகையில் சரிதான். ஆனால் உங்கள் கட்டி வளர்ந்து வருகிறது, சீப்பும் படுகிறது, பயமும் போகவில்லை. சீழ் பிடித்துச் சிவந்த பிறகு எடுப்பது சிக்கல். அப்போது முதலில் சீழை வடித்து, ஆறவிட்டு, பின்னர்தான் பையை எடுக்க முடியும். எனவே அமைதியாக இருக்கும் இப்போதே எடுத்துவிடுவது நல்லது என்று நான் கருதுகிறேன்.

அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையிலேயே முதலில் காட்டுங்கள். ஐயம் இருந்தால் அவர்கள் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பார்கள்; எலும்பு சம்பந்தப்பட்டதாகத் தோன்றினால்தான் சி.டி. ஸ்கேன் தேவைப்படும். அதற்கு மேலும் பார்க்க வேண்டியிருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டுச் செல்லுங்கள். பையனையும் கூட அழைத்துப் போனால் குழந்தைகள் பிரிவில் அவனையும் காட்டிவிடலாம். எங்கே எடுத்தாலும், எடுத்த கட்டியைக் குப்பையில் போட்டுவிடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். தையல் பிரிக்கப் போகும்போது அந்த அறிக்கையையும் கேட்டு வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மருத்துவரிடமே விளக்கம் பெற்றுக்கொள்ளுங்கள்.